நூலும் நோக்கமும்

மாயூரத்தில் 1871ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் நாள்தோறும் வைகறையில் எழுந்து, ஒரு வீட்டுத் தோட்டத்துள் நின்ற மரஞ்செடிகளை ஒவ்வொன்றாக உற்று நோக்கி வந்தார். அவர் மரநூல் பயில வந்தவரல்லர். தமிழ் பயில வந்தவர். தோட்டத்திற்கு உரியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தாம் வைத்த செடிகள் தளிர்த்துள்ளனவா என்று காலைதோறும் சென்று பார்ப்பதில் பிள்ளையவர்களுக்குப் பெருவிருப்பம் உண்டு. இளைஞர் அவருக்கு முன்னரே சென்று, எந்தக் கிளையில் எந்த இடத்தில் புதுத்தளிர் தோன்றியிருக்கின்றது என்பதைக் கண்டு நினைவிற் கொள்வார். ஆசிரியர் வந்ததும் அவ்விடங்களைச் சுட்டிக் காட்டுவார். ஆசிரியர் முகம் மலரும். அதனைக் காணும் மாணாக்கர் உள்ளமும் உடன் மலரும்.

அவ்விளைஞரே பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்து மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்ற உ. வே. சாமிநாதையர். இந்நிகழ்ச்சியை அவர் தம் முதுமையில் எழுதினார். ‘என் சரித்திரம்’ என்னும் அவருடைய தன்வரலாறு 1940ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தைந்து. பதினேழாம் வயதில் தாம் தளிர் தேடிய கதையை எண்பத்தைந்தாம் வயதில் ஒருவர் எழுதுவானேன்? அறிவிற் சிறந்த முதியவர் ஒருவர் இவ்வளவு சிறிய செய்தியைப் பொருட்படுத்தி ஏட்டில் ஏற்றினாரெனின், அதற்கு ஏதேனும் ஒரு கருத்து இருத்தல் வேண்டுமன்றோ? அக்கருத்தையே ஆசிரியர் நோக்கம் என்கின்றோம்.

இவ்வினாவை வகுப்பில் எழுப்பினால் பலவாறான விடைகள் வரும். வைகறைத் துயிலெழுதல் நன்று என்று அறிவுறுத்துவதற்காக எழுதினார் என்பான் ஒரு மாணவன். மரம் வளர்த்தலின் சிறப்பைக் கூறினார் என்பான் மற்றொருவன். இவ்விடைகள் முழுதும் தவறென்று தள்ளத்தக்கன அல்ல. நிகழ்ச்சியில் வைகறையும் உண்டு, மரமும் உண்டு. ஆயினும் அவர்கள் அப்பகுதியை மட்டும் தனியே கத்தரித்து எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பாராமல் நோக்கத்தைக் காண முயல்வது, ஒரு செய்யுளின் நடுவடியை மட்டும் படித்துவிட்டுப் பொருள் கூறப் புகுவதை ஒக்கும்.

முன்னே என்ன உள்ளது? பிள்ளையவர்களிடம் நேரே பாடங்கேட்கும் பேற்றை நாடித் தந்தையாருடன் மாயூரம் வந்து சேர்ந்த இளைஞர்க்குத் தொடக்கத்தில் அப்பேறு கிட்டவில்லை. பிள்ளையவர்களின் மாணாக்கருள் ஒருவராகிய சவேரிநாத பிள்ளையே அவருக்குப் பாடஞ் சொல்லி வந்தார். கடலருகே வந்தும் நீராட இயலாதவர் போன்ற நிலை அது. ஆசிரியர் உள்ளத்தில் இடம்பெறும் வழி யாது என்று அவர் ஏங்கியிருந்த காலத்திலேதான் தளிர் தேடும் முயற்சி தொடங்குகின்றது. பின்னே என்ன உள்ளது? ஆசிரியரின் அன்பு அவர்பாற் செல்கின்றது. ஆசிரியரே பாடஞ் சொல்லத் தொடங்குகின்றார். இனி அந்நிகழ்ச்சியின் நோக்கம் விளங்காமற் போகாது. கல்வி வேட்கை மிக்க ஒருவர் ஆசிரியர் உள்ளத்தை அடையக் கண்ட எளிய வழி அது. தம் வேட்கை எத்துணைப் பெரிது என்று அவர் அடைமொழிகளால் கூறவில்லை. விடியுமுன் இருளிலே தளிர் தேடி நிற்கும் உருவத்தைக் காட்டிவிட்டார்.

அப்பகுதிக்கு அவர் இட்ட தலைப்பு ‘தளிர் ஆராய்ச்சி’ என்பது. ஆராய்ச்சி என்னும் சொல்லை அவர் பெயரோடு சேர்த்து வழங்கிய காலம் அது. ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்த பெரியார், தம் முதல் ஆராய்ச்சி தளிர் ஆராய்ச்சியே என்று தம்மையே நோக்கி நகைத்துக் கொள்கின்றார். தலைப்பைக் கருதாது கடந்து செல்வோர் இந்நகையை இழப்பர்.

ஆசிரியர் நோக்கத்தை ஆராயும் முறை தமிழர்க்குப் புதியதன்று. நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது முன்னோர் கொள்கை. பவணந்தி முனிவர் நன்னூலில், சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவை எட்டு என வகுத்துள்ளார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என்று அவரே குறிக்கின்றார். இவற்றுள் நுதலிய பொருள் வேறு, பயன் வேறு, காரணம் வேறு என்று பிரித்து வைத்த நுட்பத்தை மாணவர் கருத வேண்டும். நூல் எதனைப் பற்றியது என்பது நுதலிய பொருள். அதனைக் கற்பவர் பெறுவது பயன். அதனை எழுத நேர்ந்தது எதனால் என்பது காரணம். இக்காலத் தேர்வுத் தாள்களில், ‘ஆசிரியர் நோக்கம் யாது?’ என்ற வினாவிற்கு நுதலிய பொருளை எழுதி வைத்துவிட்டு மதிப்பெண் இழப்போர் பலர். ‘ஆசிரியர் தம் இளமையைப் பற்றிக் கூறுகின்றார்’ என்பது நோக்கம் அன்று; அது பொருள் மட்டுமே.

கற்பனைக் கதையில் ஆசிரியர் தம் விருப்பம் போல் நிகழ்ச்சிகளைப் படைத்துக் கொள்ளலாம். உண்மை நிகழ்ச்சிகளைக் கதைபோல் எடுத்துரைக்கும் நூல்களில் அவ்வுரிமை இல்லை. வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, நாட்குறிப்பு, பயணக் கட்டுரை ஆகியவை இவ்வகையின. இவற்றின் ஆசிரியர் நடந்ததையே கூற வேண்டும். ஆனால் நடந்தவை எண்ணிறந்தவை, எழுதுபவை சில. எவற்றை எடுத்தார், எவற்றை விடுத்தார், எதனை விரித்தார், எதனைச் சுருக்கினார் என்னும் இவற்றிலேதான் அவருடைய கை தெரியும். சிற்பி கல்லைப் படைப்பதில்லை; வேண்டாத பகுதியை நீக்குகின்றான். நீக்கியது எது என்று எண்ணிப் பார்ப்பவனுக்குச் சிற்பியின் கருத்துப் புலனாகும்.

இதற்கு ஐயரவர்கள் நூல்களே ஒரு நல்ல சான்று. ‘என் சரித்திரம்’ எழுதுமுன்னரே அவர் தம் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டிருந்தார். ஆசிரியரும் மாணாக்கரும் உடன் வாழ்ந்த ஆண்டுகள் ஏறத்தாழ ஐந்து. அவ்வாண்டுகளின் செய்திகள் இரண்டு நூல்களிலும் உள்ளன. ஒருவரே எழுதியவை, ஒரே காலத்தைப் பற்றியவை, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

ஆசிரியர் வரலாற்றைப் படிக்கும் இளைஞர்க்கு முதலில் ஒரு சலிப்புத் தோன்றக்கூடும். பிள்ளையவர்கள் எந்த ஊருக்குச் சென்றார், எவர் வேண்டுகோளால் எந்தத் தலபுராணம் பாடினார், எவர் அவரை ஆதரித்தார், எந்த வேளையில் எந்தத் தனிப்பாடல் அவர் வாயினின்று எழுந்தது என்ற செய்திகள் அடுக்கடுக்காக வருகின்றன. இவ்வளவு பெயர்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள். வரலாறு வெளிவந்தது ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து. அவரை நேரிற் கண்டவர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர் பாடிய தனிப்பாடல்கள் பல, கேட்டவர் நினைவில் மட்டுமே வாழ்ந்தவை. நினைத்தவர் மறைந்தால் பாடலும் மறையும். தம் நினைவில் உள்ளதையும் பிறரிடம் கேட்டறிந்ததையும் தாம் எழுதாவிடின் எவரும் எழுத இயலாது என்பதை எழுபத்தெட்டு வயதான மாணாக்கர் அறிந்திருந்தார். இது தெரிந்தபின், அப்பெயர்களும் பாடல்களும் சலிப்பூட்டும் பட்டியலாகத் தோன்றா. ஒருவர் தம் ஆசிரியருக்கும், அவரைப் புரந்தவர்களுக்கும் செலுத்தும் கடனாகத் தோன்றும்.

தன்வரலாற்றில் நிலை வேறு. இங்கே மாணாக்கரின் ஏக்கமும் அச்சமும் பசியும் முன்னிற்கின்றன. தந்தையார் விருப்பப்படி மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றதும், ஆசிரியர் அதனை விரும்பாதது கண்டு அதனை நிறுத்தியதும் இங்கே உருக்கமாக வருகின்றன. மாணவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஆசிரியர் வரலாற்றில் எழுதியவர் ஒதுங்கி நிற்கின்றார். தன்வரலாற்றில் முன்னே வருகின்றார். இஃது அடக்கமும் செருக்கும் பற்றியதன்று. நூலின் நோக்கம் மாறியதால் நிற்கும் இடமும் மாறிற்று.

புகழ்வதே நோக்கமாயின் குறைகள் விடுபடும் என்பது பொதுவான ஓர் அளவுகோல். அதனை இவ்வாசிரியரிடமும் வைத்துப் பார்க்கலாம். பாரதியார் தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பிள்ளையவர்களிடம் வந்தார். அதில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் பிள்ளையவர்கள் உடனே தாராமல் நாள் கடத்தினார். பாரதியார் மனம் உருகிப் பாடியதை ஒருநாள் கேட்டபின்னரே அவர் உள்ளம் நெகிழ்ந்து பாயிரம் அளித்தார். இதனை எழுதி வைத்தவர் பிள்ளையவர்களைத் தெய்வமாகப் போற்றிய மாணாக்கரே. தம் ஆசிரியர் ஒரு பெரும்பாடகரை அலைக்கழித்தார் என்று பிறர் எண்ண இடமுண்டு என்பதை அவர் அறியாதவரல்லர். எழுதினார், ஆதலின் வெறும் புகழ்ச்சி அவர் நோக்கமன்று என்று துணியலாம்.

சில ஆசிரியர்கள் தம் நோக்கத்தை முன்னுரையிலேயே வெளிப்படையாகக் கூறிவிடுவர். காந்தியடிகள் அவ்வாறு கூறியவர். அவருடைய ‘சத்திய சோதனை’ நவஜீவன் என்னும் குசராத்தி இதழில் 1925 முதல் 1929 வரை தொடர்ந்து வெளிவந்தது. முறையான தன்வரலாறு எழுதுவது தம் கருத்தன்று என்றும், வாய்மையை நாடித் தாம் செய்த சோதனைகளின் கதையைச் சொல்வதே தம் கருத்து என்றும் அவர் முன்னுரையில் விளக்குகின்றார். நூலின் பெயரும் அதனையே கூறுகின்றது. எனினும் முன்னுரையில் சொன்னதை அப்படியே நம்பிவிடுதல் ஆராய்ச்சி ஆகாது. சொன்ன நோக்கமும் எழுதிய நூலும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

பதினைந்து வயதில் தாம் செய்த களவை அடிகள் எழுதுகின்றார். தமையனாருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து ரூபாய் கடன் இருந்தது. அதனைத் தீர்க்கத் தமையனாரின் பொற்காப்பிலிருந்து சிறிது பொன் வெட்டி எடுக்கப்பட்டது. கடன் தீர்ந்தது, மனச்சுமை தீரவில்லை. குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தண்டனையும் வேண்டி, நோயுற்றிருந்த தந்தையார் கையிற் கொடுத்தார். தந்தையார் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சற்றே கண்மூடிச் சிந்தித்து, அத்தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்தார். உலகம் போற்றும் ஒருவர் தாம் திருடியதை எழுத எந்தக் கட்டாயமும் இல்லை. தம் பெருமையை நிலைநாட்டுவது நோக்கமாயின் இப்பகுதி நூலில் இடம் பெற்றிராது. தாம் முன்னர்க் கூறிய சோதனை என்னும் சொல்லுக்கு இங்கே அவர் சான்று காட்டுகின்றார்.

நூல் முடியும் இடத்தையும் பார்க்கவேண்டும். காங்கிரசின் 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டளவில் அவர் கதையை நிறுத்திக் கொள்கின்றார். அதன்பின் தம் வாழ்க்கை மக்கள் அறியாதது ஒன்றும் இல்லாதவாறு வெளிப்படையாகிவிட்டது என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. நாட்டு விடுதலை வரலாற்றை எழுத வந்தவராயின் அங்கேதான் தொடங்கியிருப்பார். அவரோ அங்கே முடிக்கின்றார்.

நோக்கம் ஒன்றாகவே இருக்கும் என்று மாணவர் எண்ணிவிடலாகாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு முதல் தாம் மறைந்த 1761ஆம் ஆண்டு வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்த நாள், சரக்கின் செய்தி, கவர்னர் துய்ப்ளேக்சு பேசிய பேச்சு, போர், வதந்தி, நன்னிமித்தம் தீநிமித்தம் யாவும் அதில் உள்ளன. கண்டதையும் கேட்டதையும் வியப்பானவற்றையும் குறித்து வைப்பதே தம் கருத்து என்ற அளவில் அவர் தொடங்குகின்றார். இலக்கணம் கருதிய நடையன்று. வணிகர் கணக்கேட்டில் எழுதும் பேச்சு நடை. அதனை அவர் அச்சிடவில்லை. எவருக்கும் வாசித்துக் காட்ட எழுதியதாகவும் தோன்றவில்லை. 1846ஆம் ஆண்டில்தான் அக்குறிப்புகள் வெளியாரால் கண்டெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பெற்றன. பின்னர் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளிவந்தன.

கேட்போர் இன்னாரென்று கருதாத இந்நூலின் நோக்கம் யாது? வணிகருக்கு நாளும் கணக்கும் நினைவிருக்க வேண்டும், அது ஒன்று. ஆயின் அந்நாட்குறிப்பில் கவர்னர் பிள்ளையைப் பாராட்டிய சொற்கள் அடிக்கடி வருகின்றன. கவர்னரின் மனைவியார் பிள்ளையிடம் காட்டிய பகைமையும், அதனால் இவர் கொண்ட மனக்கசப்பும் வருகின்றன. தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் 1746ஆம் ஆண்டில் மறைந்தபின் அப்பதவிக்கு எழுந்த போட்டியும் வருகின்றது. அரண்மனையில் வாய்விட்டுச் சொல்ல முடியாதவற்றைச் சொல்லி ஆறுதற்கு அந்த ஏடு இடமாயிற்று. ஆதலின் அதனைப் படிப்பவர், கப்பல் வந்த நாளைக் கூறும் வரியை ஒருவாறும், பகைவரைப் பற்றிக் கூறும் வரியை வேறொருவாறும் எடைபோடல் வேண்டும். முன்னதில் அவருக்கு ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. பின்னதில் அவரே ஒரு கட்சிக்காரர். பொய் கூறினார் என்பது இதன் பொருளன்று. ஒரு பக்கத்து வழக்கை மட்டும் கேட்கின்றோம் என்பதே பொருள். நோக்கம் அறிதல் சுவைக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. வரலாறு எழுதுவோர் இந்நாட்குறிப்பையே சான்றாகக் கொண்டு அக்காலத்து மாந்தர் பலரின் குணங்களை மதிப்பிட்டுள்ளனர். இறந்துபோனவர் எழுந்து வந்து மறுமொழி கூறுதல் இயலாது; படிப்பவரின் விழிப்பே அவர்க்குத் துணை.

மீண்டும் ஐயரவர்கள் நூலுக்கு வருவோம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த அதே 1880ஆம் ஆண்டில், அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று தாம் கற்றவற்றைப் பெருமிதத்தோடு அடுக்கிச் சொன்னார் இளம்புலவர். முதலியார் முகத்தில் வியப்பு இல்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டார். இல்லை என்பதே விடை. தாம் படிக்கவில்லை என்பது மட்டுமன்று. தம் ஆசிரியரும் அவற்றைப் படித்ததில்லை.

இந்த நாணத்தை ஐயரவர்கள் மறைத்திருக்கலாம். சிந்தாமணி 1887ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும், மணிமேகலை 1898ஆம் ஆண்டிலும் அவரால் அச்சேறின. இத்துணையும் செய்து முடித்தவர், இவற்றைத் தேடும் எண்ணம் தமக்கே தோன்றியது என்று எழுதினால் மறுப்பவர் யார்? முதலியாரோ நெடுங்காலத்திற்கு முன்னரே மறைந்துவிட்டார். ஆயினும் ஐயரவர்கள் வினாவையும் எழுதினார். விடையறியாது விழித்த தம்மையும் எழுதினார். சிந்தாமணிப் பொருள் விளங்காமல் கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குச் சென்று கேட்டறிந்ததையும் எழுதினார். நூல் தேடிய பெருமையில் தமக்கு வழிகாட்டியவர்க்கு உரிய பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு நோக்கம். தமிழ்ப் புலவர் என்று பெயர் பெற்றோரும் பழந்தமிழ்க் காப்பியங்களைக் கண்ணாற் காணாதிருந்த காலம் ஒன்று உண்டு, அந்நூல்கள் அழிவின் விளிம்பில் நின்றன என்று பின்வருவோர்க்கு உணர்த்துவது மற்றொன்று. இரண்டாவது நோக்கம் நிறைவேற வேண்டுமாயின், அறியாதவராக யாரேனும் ஒருவர் அக்காட்சியில் நிற்க வேண்டும். அவ்விடத்தில் அவர் தம்மையே நிறுத்திக்கொண்டார்.

‘என் சரித்திரம்’ முற்றுப்பெறவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் ஐயரவர்கள் மறைந்தார். கதை மணிமேகலைப் பதிப்பின் காலத்தோடு நின்றுவிட்டது. நூலாக அது வெளிவந்தது 1950ஆம் ஆண்டில்.

மாணவர் செய்து பார்க்கத் தக்க பயிற்சி ஒன்று உண்டு. மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறையில் உயிர்நீத்த இரவை ஐயரவர்கள் ஆசிரியர் வரலாற்றிலும் எழுதியுள்ளார், தன்வரலாற்றிலும் எழுதியுள்ளார். மாணாக்கர் திருவாசகம் ஓத, கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை அருகிருந்து பணி செய்ய, அவ்வுயிர் பிரிந்தது. இரண்டு நூல்களையும் பள்ளி நூலகத்தில் கேட்டுப் பெற்று, அப்பகுதிகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத வாக்கியங்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் அஃது அந்நூலில் மட்டும் இருப்பது ஏன் என்று ஒரு வரி எழுதுக.